ஹைட்ரஜனுக்கு எலக்ட்ரான் தருவது யார்?

பூமியில் ஹைட்ரஜனுக்குப் பஞ்சமில்லை. கடலில், மண்ணின் ஈரத்தில், நெல்மணியில், பெட்ரோலில், நம் உடலில் என எங்கும் அது நிறைந்திருக்கிறது. ஆனால் பெரும்பாலும் தனித்திருப்பதில்லை. ஆக்சிஜனுடனோ கார்பனுடனோ இறுகப் பிணைந்தே இருக்கிறது. உரம் செய்யவும், கச்சா எண்ணெயிலிருந்து கந்தகத்தை நீக்கவும், தாவர எண்ணெயை வனஸ்பதியாக்கவும் நமக்குத் தேவைப்படுவது அந்தப் பிணைப்பிலிருந்து விடுபட்ட வாயு. 2023ஆம் ஆண்டில் உலகம் அதைச் சுமார் 9.7 கோடி டன் பயன்படுத்தியது. கரியமில வாயுவை அதிகம் வெளியிடாத வழிகளில் கிடைத்த ஹைட்ரஜன் அதில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

நீரிலும் அமிலத்திலும் இருக்கும் ஹைட்ரஜன், தன் எலக்ட்ரானைப் பக்கத்து அணுவிடம் பறிகொடுத்த நிலையில் இருக்கிறது. அதற்கு ஓர் எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்தால் அது முழு அணுவாகும். அப்படி இரண்டு அணுக்கள் சேர்ந்தால் வாயு மூலக்கூறாகி மேலே எழும். ஆகவே ஹைட்ரஜன் தயாரிக்கும் வேதிவினைகள் பாடநூலில் எத்தனை தலைப்புகளில் பிரிந்து கிடந்தாலும், அவற்றுள் பெரும்பாலானவை ஒரே கேள்விக்கான வெவ்வேறு விடைகள்தாம். எலக்ட்ரானைக் கொடுப்பது யார்? கொடுத்த பிறகு அந்தப் பொருள் என்னவாகிறது? இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டு ஹைட்ரஜனின் வரலாற்றையும் புரிந்துகொள்ள முடியாது, இன்று அதைப் பற்றிச் சொல்லப்படும் வாக்குறுதிகளையும் எடைபோட முடியாது.

கேவண்டிஷ் அளந்தது

இரும்பை அமிலத்தில் இட்டால் எரியக்கூடிய ஒரு காற்று எழுகிறது என்பதை ராபர்ட் பாயில் 1671இலேயே எழுதியிருந்தார். அதை முறையாக அளந்தவர் ஹென்றி கேவண்டிஷ். 1766இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்த அவருடைய ஆய்வு துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம் ஆகிய மூன்று உலோகங்களைப் பற்றியது. அவற்றை நீர்த்த கந்தக அமிலத்திலும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் கரைத்து, வெளிவந்த வாயுவின் அளவைக் குறித்தார். ஒரே எடையுள்ள துத்தநாகம் எந்த அமிலத்தில் கரைந்தாலும் ஒரே அளவு வாயுவைத் தந்தது. அமிலத்தின் வகை மாறினாலும், செறிவு மாறினாலும் அந்த அளவு மாறவில்லை. இதிலிருந்து, வாயு உலோகத்துக்குள்ளிருந்தே வருகிறது என்று அவர் முடிவு கட்டினார்.

அளவு சரி, முடிவு தவறு. வாயு அமிலத்திலிருந்துதான் வருகிறது. உலோகத்திலிருந்து வருவது எலக்ட்ரான். ஒரு துத்தநாக அணு இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டு அயனியாகக் கரைசலில் இறங்குகிறது. அந்த இரண்டையும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் வாங்கிக்கொண்டு ஒரு மூலக்கூறாகின்றன. எத்தனை எலக்ட்ரான் கிடைக்கிறதோ அத்தனைக்குத்தான் வாயு. அதனால்தான் வாயுவின் அளவு உலோகத்தின் எடையை மட்டுமே சார்ந்திருந்தது. எலக்ட்ரான் கண்டறியப்படுவதற்கு 130 ஆண்டுகளுக்கு முன்பே கேவண்டிஷின் அளவுகளில் அதன் தடம் பதிந்துவிட்டது.

பள்ளி ஆய்வகத்தில் எல்லோரும் செய்த சோதனை இது. துத்தநாகத் துண்டுகளின் மேல் நீர்த்த கந்தக அமிலத்தை ஊற்றுவோம். எழும் வாயுவருகே எரியும் குச்சியைக் கொண்டுபோனால் ‘பாப்’ என்ற ஒலியுடன் எரியும். அந்த எளிய சோதனையிலேயே மூன்று நுட்பங்கள் அடங்கியிருக்கின்றன.

முதலாவது, தாமிரத்தை இட்டால் வாயு வராது. ஹைட்ரஜன் அயனி தன்னிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கத் தாமிரம் இடம் கொடுப்பதில்லை. இரண்டாவது, நைட்ரிக் அமிலத்தில் துத்தநாகம் நன்றாகவே கரையும், ஆனால் ஹைட்ரஜன் கிடைக்காது. அங்கே எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள நைட்ரேட் அயனி முந்திக்கொள்கிறது. அதனால் ஹைட்ரஜனுக்குப் பதில் நைட்ரஜன் ஆக்சைடுகள் வெளிவருகின்றன. மூன்றாவது, மிகத் தூய துத்தநாகம் அமிலத்தில் மெதுவாகவே கரையும். சில சொட்டு தாமிர சல்பேட்டைச் சேர்த்தால் வினை சட்டென்று வேகமெடுக்கும். துத்தநாகத்தின் மேல் படியும் தாமிரத் துகள்களுக்கு எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியாகவே ஓடிச் செல்கின்றன, ஹைட்ரஜன் குமிழிகள் அந்தத் தாமிரத்தின் மேல் தோன்றுகின்றன. எலக்ட்ரானைக் கொடுக்கும் இடமும் வாங்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதே இதன் பொருள். மின்கலமும் மின்னாற்பகுப்பும் இந்தப் பிரிவினையின் மேல்தான் நிற்கின்றன.

இந்த முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. துத்தநாகத்திலோ அமிலத்திலோ ஆர்சனிக் கலந்திருந்தால் ஹைட்ரஜனோடு ஆர்சின் என்னும் கொடிய நச்சு வாயுவும் சேர்ந்து வரும். அந்த வாயுவை ஆராய்ந்த ஜெர்மானிய வேதியியலாளர் கெலென் 1815இல் அதைச் சுவாசித்து உயிரிழந்தார். அதே வினையை 1836இல் ஜேம்ஸ் மார்ஷ் நீதிமன்றத்துக்குப் பயன்படும் கருவியாக்கினார். நஞ்சு கலந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட உணவைத் துத்தநாகத்தோடும் அமிலத்தோடும் சேர்த்து, வெளிவரும் வாயுவைச் சூடாக்கிக் கண்ணாடிக் குழாயில் ஆர்சனிக் படிகிறதா என்று பார்ப்பது அவர் முறை.

பலூன் கேட்ட விலை

ஆய்வகக் குடுவையில் அரை லிட்டர் வாயுவுக்கு ஒரு சிட்டிகை உலோகம் போதும். பெரிய அளவில் தேவை எழுந்தபோதுதான் அந்த எலக்ட்ரானின் விலை தெரிந்தது. 1783 ஆகஸ்ட் 27 அன்று பாரிஸின் ஷான் த மார்ஸ் திடலிலிருந்து ஜாக் ஷார்ல் முதல் ஹைட்ரஜன் பலூனை ஆளின்றிப் பறக்கவிட்டார். அதன் கொள்ளளவு சுமார் 35 கன மீட்டர். அதற்குள் இருந்த ஹைட்ரஜனின் எடை மூன்று கிலோ அளவுக்குத்தான் இருந்திருக்கும். அந்த மூன்று கிலோவுக்கு ஏறத்தாழ அரை டன் இரும்பும் கால் டன் கந்தக அமிலமும் செலவாயின. வினையில் வெப்பம் பிறப்பதால் வாயு சூடாக வந்தது, பலூனுக்குள் போய்க் குளிர்ந்து சுருங்கியது. நிரப்பும் வேலை நாள்கணக்கில் நீண்டது.

அதே காலத்தில் லவாய்சியர் வேறொரு கேள்வியைத் துரத்திக்கொண்டிருந்தார். நீர் ஒரு தனிமம் அல்ல என்று நிறுவ, மெனியேயுடன் சேர்ந்து, செந்நிறமாகப் பழுத்த இரும்புத் துப்பாக்கிக் குழாயின் வழியே நீராவியைச் செலுத்தினார். ஒரு முனையில் நீர் போயிற்று, மறு முனையில் எரியும் வாயு வந்தது, குழாயின் உட்புறம் ஆக்சிஜனை ஏற்றுக் கறுத்து எடை கூடியது. 1785 பிப்ரவரியில் இதைப் பலர் முன்னிலையில் பெரிய அளவில் செய்து காட்டினார்.

தத்துவச் சர்ச்சைக்காக எழுந்த இந்தச் சோதனை சில ஆண்டுகளில் போர்க்களத்துக்குப் போயிற்று. புரட்சிக்கால பிரான்சு உளவு பார்க்கப் பலூன்களை விரும்பியது. ஆனால் கந்தகம் முழுவதும் வெடிமருந்துக்கு வேண்டும், ஆகவே கந்தக அமிலத்தைத் தொடக்கூடாது என்பது அரசின் நிபந்தனை. அமிலத்துக்குப் பதில் நீராவி, அது படப் பழுத்த இரும்பு என்று லவாய்சியரின் குழாய் முறையைக் கையிலெடுத்தார்கள். 1794 ஜூன் 26 அன்று ஃப்ளூரஸ் போரில் வானிலிருந்து எதிரிப் படையைக் கண்காணித்த பலூன் இப்படிக் கிடைத்த ஹைட்ரஜனால்தான் உயர்ந்தது. எந்த வேதிவினை சிறந்தது என்பதை ஆய்வகம் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இது முதல் சான்று. கையில் எது இருக்கிறது, எது வேறு வேலைக்கு வேண்டும் என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

எடைக் கணக்கு

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு எவ்வளவு உலோகம் வேண்டும்? ஓர் உலோகம் ஓர் எலக்ட்ரானுக்கு எத்தனை கிராம் எடையைச் செலவிடுகிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். துத்தநாகத்தின் அணு எடை 65, அது தருவது இரண்டு எலக்ட்ரான். ஆக ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 32 கிலோவுக்குச் சற்று மேல் துத்தநாகம். அமிலத்தில் கரையும் இரும்பு என்றால் 28 கிலோ, கூடவே 49 கிலோ கந்தக அமிலம். நீராவியோடு வினைபுரியும் இரும்பு இன்னும் கூடுதலாக ஆக்சிஜனை ஏற்பதால் 21 கிலோ போதும். அலுமினியம் மூன்று எலக்ட்ரான்களைத் தரும், எடையும் குறைவு. ஆகவே 9 கிலோ.

அலுமினியம் இவ்வளவு தாராளமாகக் கொடுக்கும் என்றால் நம் சமையல் பாத்திரம் தண்ணீரில் ஏன் குமிழிவிடுவதில்லை? காற்று பட்டவுடன் அதன் மேல் மெல்லிய ஆக்சைடு தோல் படர்ந்து அதைக் காத்துவிடுகிறது. எரிசோடா அந்தத் தோலைக் கரைத்துவிடும். பிறகு உலோகம் நீருடன் வேகமாக வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளிவிடும். கழிவுநீர்க் குழாய் அடைப்பை நீக்கும் சில தூள்களில் எரிசோடாவும் அலுமினியச் சீவல்களும் சேர்ந்திருப்பது இதனால்தான். அந்தத் தூளைக் கொட்டும் இடத்தில் நெருப்பு கூடாது என்பதன் காரணமும் அதுவே. இன்று தமிழ்நாட்டு நகரங்களில் செங்கல்லுக்குப் பதிலாகப் பலர் வாங்கும் இலேசான ஏஏசி கற்களுக்குள்ளும் இதே வினை நடந்து முடிந்திருக்கிறது. சுண்ணாம்பும் சிமென்ட்டும் கலந்த குழம்பில் சிறிதளவு அலுமினியத் தூளைச் சேர்க்கிறார்கள். அது காரத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் குமிழிகளை எழுப்பக் குழம்பு உப்பி எழுகிறது. ஹைட்ரஜன் வெளியேறிவிடுகிறது, கண்ணறைகளில் காற்று தங்கிவிடுகிறது. கல்லின் இலேசும் வெப்பத் தடுப்பும் அந்தக் கண்ணறைகள் தந்தவை.

ராணுவமும் வானிலைத் துறையும் களத்திலேயே வாயு எடுக்க வேறு சில வழிகளை வைத்திருந்தன. சிலிக்கான் கலந்த இரும்பை எரிசோடாக் கரைசலில் இடுவது ஒன்று. கால்சியம் ஹைட்ரைடின் மேல் தண்ணீர் ஊற்றுவது மற்றொன்று. இந்தக் கடைசி வினை ஒரு கிலோ பொருளுக்கு ஆயிரம் லிட்டருக்கும் மேல் வாயு தரும். காரணம், அதில் பாதி ஹைட்ரஜன் ஹைட்ரைடுக்குள்ளேயே இருக்கிறது, மறுபாதி தண்ணீரிலிருந்து வருகிறது.

இவை எல்லாம் பயனுள்ள வினைகள். ஆனால் எரிபொருளுக்கான வழிகள் அல்ல. உலோகம் எலக்ட்ரானைச் சும்மா வைத்திருக்கவில்லை. தாதுவாகக் கிடந்த அதற்குக் கரியைக் கொண்டோ மின்சாரத்தைக் கொண்டோ நாம்தான் எலக்ட்ரானை ஏற்றி உலோகமாக்கினோம். ஒரு கிலோ அலுமினியத்தைப் பிரித்தெடுக்கச் சுமார் 14 யூனிட் மின்சாரம் வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கான 9 கிலோ அலுமினியத்துக்கு ஏறத்தாழ 125 யூனிட். கிடைக்கும் ஹைட்ரஜனை எரித்தால் வருவது 33 யூனிட் ஆற்றல். அதே மின்சாரத்தை நேரே தண்ணீரில் செலுத்தினால் இரண்டு கிலோவுக்கு மேல் ஹைட்ரஜன் கிடைத்திருக்கும். அலுமினியமும் தண்ணீரும் போதும், வண்டி ஓடும் என்று அவ்வப்போது எழும் அறிவிப்புகள் இந்தக் கணக்கின் முன் நிற்க முடியாதவை. உலோகம் இங்கே இடைத்தரகர் மட்டுமே.

கரி வந்த பிறகு

எடைக் கணக்கில் எல்லா உலோகங்களையும் பின்னுக்குத் தள்ளிய பொருள் கார்பன். அணு எடை 12, கொடுப்பது நான்கு எலக்ட்ரான். மூன்று கிலோ கரியில் ஒரு கிலோ ஹைட்ரஜன். அதைவிட முக்கியம், பூமியே அதைத் தயார் நிலையில் புதைத்து வைத்திருந்தது. உலோகம் போல நாம் எலக்ட்ரானை ஏற்றித் தயாரிக்க வேண்டியதில்லை.

பழுத்த கல்கரிப் படுகையின் மேல் நீராவியைச் செலுத்தினால் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்த நீர்வாயு கிடைக்கும். இந்த வினை வெப்பத்தை உறிஞ்சுவதால் படுகை சில நிமிடங்களில் குளிர்ந்துவிடும். உடனே நீராவியை நிறுத்திக் காற்றை ஊதிக் கரியில் ஒரு பகுதியை எரித்து மீண்டும் பழுக்கவைக்க வேண்டும். இப்படி மாறி மாறி இயங்கியவை பழைய நீர்வாயு ஆலைகள். இதில் கார்பன் பாதிதான் கொடுத்திருக்கிறது. மோனாக்சைடாக நிற்கும் அதனிடம் இன்னும் இரண்டு எலக்ட்ரான் பாக்கி. இரும்பு ஆக்சைடு வினையூக்கியின் மேல் மேலும் நீராவியைச் சேர்த்தால் அதுவும் வந்துவிடும். மோனாக்சைடு கரியமில வாயுவாகும், இன்னொரு பங்கு ஹைட்ரஜன் கிடைக்கும். ஃபிரிட்ஸ் ஹேபர் கண்ட அம்மோனியா வினையை கார்ல் போஷ் 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவில் தொழிற்சாலையாக்கிய பிறகு இந்த இரண்டு படிகளே ஹைட்ரஜனைத் தந்தன. அம்மோனியாவின் வரலாறு பெரும்பாலும் வினையூக்கியின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. உண்மையில் அந்த ஆலையின் பெரும்பகுதி வேலை, தூய ஹைட்ரஜனை மலிவாகப் பெறுவதுதான்.

இன்று உலகில் ஹைட்ரஜனின் பெரும்பங்கைத் தருவது இதன் வாரிசான மீத்தேன் சீர்திருத்த முறை. நிக்கல் வினையூக்கி நிரம்பிய குழாய்களில் 800 முதல் 900 டிகிரி வெப்பத்தில் மீத்தேனும் நீராவியும் சேர்கின்றன. ஒரு மீத்தேன் மூலக்கூறு முடிவில் நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகளுக்குக் காரணமாகிறது. அவற்றுள் இரண்டு மீத்தேனிலிருந்தும் இரண்டு தண்ணீரிலிருந்தும் வருபவை. இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்த ஹைட்ரஜன் என்று நாம் சொல்வதில் பாதி தண்ணீரின் ஹைட்ரஜன்.

கொடுத்தவரின் கதி என்ன? வினையின் கணக்குப்படி ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஐந்தரை கிலோ கரியமில வாயு. உலையைச் சூடாக்க எரிக்கும் எரிவாயுவையும் சேர்த்தால் 9 முதல் 10 கிலோ. நிலக்கரி என்றால் அதைவிட ஏறத்தாழ இரு மடங்கு. துத்தநாகம் துத்தநாக சல்பேட்டாகக் குடுவையிலேயே தங்கியது. இரும்பு ஆக்சைடாகக் குழாயிலேயே தங்கியது. கார்பன் மட்டும் வாயுவாகி நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. அந்த வசதியே அதன் வெற்றிக்குக் காரணம், இன்றைய சிக்கலுக்கும் காரணம்.

விறகு முதல் எரிவாயு வரை

கையில் இருப்பதே வினையைத் தீர்மானிக்கிறது என்பதை இந்தியாவின் உர ஆலைகளைப்போலத் தெளிவாகக் காட்டும் வரலாறு வேறில்லை. 1947இல் கேரளத்தின் ஆலுவா அருகே உத்யோகமண்டலில் உற்பத்தியைத் தொடங்கிய ஃபாக்ட் ஆலை, விறகை வாயுவாக்கி அம்மோனியாவுக்கான ஹைட்ரஜனை எடுத்தது. 1951இல் இயங்கத் தொடங்கிய சிந்திரி ஆலைக்குப் பக்கத்துச் சுரங்கங்களின் நிலக்கரி கல்கரியாகிப் பயன்பட்டது. 1966இல் நெய்வேலியில் எழுந்த யூரியா ஆலை, அங்கேயே வெட்டியெடுத்த பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கியது. பின்னாளில் எரிஎண்ணெய்க்கு மாறி, பிறகு மூடப்பட்டது. 1971இல் மணலியும் 1975இல் தூத்துக்குடியும் நாப்தாவை நம்பித் தொடங்கின. எண்ணூரில் 2019இல் திரவ இயற்கை எரிவாயு முனையமும், தூத்துக்குடிக்கு 2021இல் எரிவாயுக் குழாயும் வந்த பிறகு இரண்டும் இயற்கை எரிவாயுவின் பக்கம் திரும்பின. விறகு, கல்கரி, பழுப்பு நிலக்கரி, நாப்தா, எரிவாயு என்று பெயர்கள் மாறின. எலக்ட்ரானைக் கொடுத்தது ஒவ்வொரு முறையும் கார்பனே.

இந்த வரிசையில் தனித்து நிற்பது பஞ்சாபின் நங்கல். 1961இல் அங்கே தொடங்கிய உர ஆலை, பக்ரா அணையின் நீர்மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்தது. அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய மின்னாற்பகுப்பு ஆலைகளில் அதுவும் ஒன்று. இன்று பசுமை ஹைட்ரஜன் என்று நாம் புதிதாகப் பேசுவதை இந்தியா அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தொழிற்சாலை அளவில் செய்திருக்கிறது. அணையின் மின்சாரத்துக்கு வயலின் பம்புசெட்டும் ஊரின் விளக்கும் போட்டியிடத் தொடங்கியபோது அந்த முறை பின்வாங்கியது. 1970களின் இறுதியில் ஆலையின் விரிவாக்கம் எரிஎண்ணெயை நம்பி அமைந்தது, பின்னர் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது.

நங்கல் ஆலை முதலில் தயாரித்தது யூரியா அல்ல, கால்சியம் அம்மோனியம் நைட்ரேட். இதற்கு ஒரு வேதிக் காரணம் இருக்கிறது. யூரியா மூலக்கூறு உருவாக அம்மோனியாவோடு கரியமில வாயுவும் வேண்டும். கார்பனைக் கொண்டு ஹைட்ரஜன் எடுக்கும் ஆலையில் அந்த வாயு தானாகவே கிடைக்கிறது. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்தால் ஆக்சிஜன்தான் மிஞ்சும், கரியமில வாயு கிடைக்காது. நம் உழவர் அதிகம் நம்பியிருக்கும் உரம் யூரியா என்பதால் இந்த உண்மை இன்றைய கொள்கைக்கும் மிக நெருக்கமானது.

மின்சாரத்தின் வழி

வோல்ட்டா தன் மின்கல அடுக்கை அறிவித்த 1800ஆம் ஆண்டிலேயே லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் அதைக் கொண்டு தண்ணீரைப் பிரித்தார்கள். இந்த வினையில் எலக்ட்ரானைக் கொடுப்பது எது என்று கேட்டால் விடை வியப்பூட்டும். தண்ணீரின் ஆக்சிஜனே கொடுக்கிறது. ஹைட்ரஜனிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்து வைத்திருந்த அதே ஆக்சிஜனை, நேர்மின்வாயில் மின்னழுத்தம் கட்டாயப்படுத்தித் திருப்பித் தரவைக்கிறது. எலக்ட்ரான் கம்பி வழியே ஓடி எதிர்மின்வாயை அடைந்து ஹைட்ரஜனிடம் சேர்கிறது. எந்தப் பொருளும் செலவாவதில்லை. மிஞ்சுவது ஆக்சிஜன் மட்டும்.

கட்டாயப்படுத்த ஆற்றல் வேண்டும். கோட்பாட்டின்படி 1.23 வோல்ட் போதும் என்றாலும் ஆலைகளில் 1.8 முதல் 2 வோல்ட் வரை தேவைப்படுகிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட்டுக்குக் குறையாத மின்சாரமும், வினைக்கு மட்டும் 9 லிட்டர் தண்ணீரும் செலவாகும். தமிழ்நாட்டில் எரிசோடா ஆலைகள் இயங்கும் மேட்டூரிலும் சாகுபுரத்திலும் இதன் உறவினரான வினை ஒன்று நடக்கிறது. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தும்போது எலக்ட்ரானைக் கொடுப்பது குளோரைடு அயனி, வாங்குவது தண்ணீரின் ஹைட்ரஜன். ஒரு டன் எரிசோடாவோடு 25 கிலோ ஹைட்ரஜன் உடன்விளைவாகக் கிடைக்கிறது.

மின்னாற்பகுப்பில் பொருள் செலவாகவில்லை என்பதால் அது தூய்மையானது என்று சொல்லிவிட முடியாது. கேள்வி ஒரு படி பின்னால் நகர்கிறது, அவ்வளவுதான். அந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது? இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ அளவில் கரியமில வாயு வெளியாகிறது. அந்த மின்சாரத்தில் எடுத்த ஒரு கிலோ ஹைட்ரஜனின் பின்னால் 35 கிலோ கரியமில வாயு நிற்கும். எரிவாயுவிலிருந்து நேரே எடுத்திருந்தால் 10 கிலோவோடு முடிந்திருக்கும். வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் வந்த மின்சாரம் என்றால் மட்டுமே கணக்கு மாறும். 2023இல் இந்திய அரசு வகுத்த தரவரையறை, ஒரு கிலோவுக்கு 2 கிலோ கரியமில வாயுவுக்கு மேல் போகாத ஹைட்ரஜனையே பசுமை என்று ஏற்கிறது.

வேண்டாத இடத்தில்

எலக்ட்ரானைக் கொடுக்கும் பொருளும் நீராவியும் சந்தித்தால் நாம் விரும்பாவிட்டாலும் ஹைட்ரஜன் பிறக்கும். அணு உலைகளில் எரிபொருளைப் பொதிந்திருக்கும் உறை சிர்கோனியக் கலவையால் ஆனது. இயல்பான வெப்பத்தில் அதற்கும் தண்ணீருக்கும் பெரிய வினை இல்லை. குளிர்விப்பு நின்று வெப்பம் 1,200 டிகிரியைத் தாண்டினால், லவாய்சியரின் துப்பாக்கிக் குழாயில் நடந்தது அங்கே பன்மடங்கு வேகத்தில் நடக்கும். வினையே மேலும் வெப்பத்தை உமிழும். 2011 மார்ச் மாதம் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் உலைக் கட்டடங்களைப் பிளந்தது இப்படிப் பிறந்த ஹைட்ரஜன்தான். கூடங்குளம் உலைகளில் ஹைட்ரஜனைக் காற்றின் ஆக்சிஜனோடு மெதுவாகச் சேர்த்து நீராக்கும் மின்சாரமற்ற வினையூக்கிக் கருவிகள் பொருத்தப்பட்டிருப்பது இந்த அச்சத்தை எதிர்கொள்ளவே. வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் வைக்கச் சொல்வதற்கும் இதுவே அடிப்படை. அளவுக்கு மேல் மின்னேற்றம் நடந்தால் அதிலுள்ள தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் எழும்.

பாறையும் சுழற்சியும்

பூமியின் அடியில் மனிதர் உதவியின்றி இதே வினை நடக்கிறது. ஆலிவின் போன்ற இரும்புச்சத்துள்ள பாறைகளில் வெந்நீர் ஊடுருவும்போது இரும்பு மேலும் ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து மேக்னடைட்டாகிறது, தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் விடுபடுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் பூராகேபூகூ கிராமத்தில் 1987இல் தண்ணீருக்காகத் தோண்டிய கிணற்றிலிருந்து தண்ணீருக்குப் பதிலாக வாயு வந்தது. சோதித்தபோது அது ஏறத்தாழ 98 விழுக்காடு ஹைட்ரஜன். பிற்பாடு அந்த வாயு அக்கிராமத்துக்கு மின்சாரம் தந்தது. இத்தகைய ஊற்றுகளைத் தேடும் பணி இப்போது பல நாடுகளில் நடக்கிறது.

கொடுத்த பொருளை மீண்டும் மீட்டெடுக்கும் சுழற்சிகளும் ஆராயப்படுகின்றன. கந்தக-அயோடின் சுழற்சியில் கந்தக டை ஆக்சைடு, அயோடின், தண்ணீர் மூன்றும் வினைபுரிந்து கந்தக அமிலமும் ஹைட்ரஜன் அயோடைடும் ஆகின்றன. பின்னதைச் சூடாக்கினால் ஹைட்ரஜன். முன்னதை 850 டிகிரி அளவில் சிதைத்தால் ஆக்சிஜனும் பழைய கந்தக டை ஆக்சைடும். தொடங்கிய பொருள்கள் திரும்பிவிடுகின்றன, செலவானது தண்ணீரும் வெப்பமும். ஆனால் கொதிக்கும் கந்தக அமிலத்தையும் அயோடைடையும் ஆண்டுக்கணக்கில் தாங்கும் கலன்களைச் செய்வது கடினம் என்பதால் இது இன்னும் ஆய்வு நிலையைத் தாண்டவில்லை. மீத்தேனைக் காற்றின்றிச் சூடாக்கிக் கார்பனைத் திடக் கரியாகவே பிரித்துவிடும் முறை இன்னொரு பாதை. ஒரு கிலோ ஹைட்ரஜனோடு மூன்று கிலோ கரித்தூள் வரும். டயர் ஆலைகளுக்கு அது பயன்படும். உலகின் ஹைட்ரஜன் தேவை முழுவதையும் இப்படி எடுத்தால் அந்தக் கரியை வாங்க ஆளிருக்காது.

எதற்கு முதலில்?

2023 ஜனவரியில் இந்திய அரசு ஒப்புதல் அளித்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம், 19,744 கோடி ரூபாய் ஒதுக்கி, 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்ற இலக்கை வைத்தது. தூத்துக்குடித் துறைமுகம் அதற்கான மையங்களில் ஒன்று. வினைக்கு மட்டும் தேவைப்படும் தண்ணீரைக் கணக்கிட்டால் 4.5 கோடி டன், அதாவது சுமார் 1.6 டி.எம்.சி. சுத்திகரிப்புக்கும் குளிர்விப்புக்கும் இதைவிட அதிகம் வேண்டும். வறண்ட கடற்கரை மாவட்டங்களில் அது குடிநீரோடு போட்டியிடாமல் கடல்நீரிலிருந்து வர வேண்டும். மின்சாரம் இன்னும் பெரிய தேவை. 50 லட்சம் டன்னுக்கு 25,000 கோடி யூனிட். தமிழ்நாட்டின் ஓராண்டுத் தேவையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு.

இவ்வளவு விலை கொடுத்துப் பெறும் ஹைட்ரஜனை எங்கே முதலில் செலவிடுவது? வண்டிகளுக்கும் அடுப்புகளுக்கும் மின்சாரத்தை நேரே தர முடியும். அதை ஹைட்ரஜனாக்கி மறுபடி மின்சாரமாக்கினால் பாதிக்கு மேல் வீணாகும். ஹைட்ரஜனையே மூலப்பொருளாகக் கேட்கும் இடங்களுக்கு அந்த மாற்று கிடையாது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை அத்தகைய இடம். அம்மோனியா ஆலை இன்னொன்று. ஒரு டன் அம்மோனியாவுக்கு 178 கிலோ ஹைட்ரஜன் வேண்டும், அதற்கு வேறு வழியே இல்லை. அதிலும் யூரியாவைவிட டிஏபி, அம்மோனியம் சல்பேட், கலப்பு உரங்கள் முன்னுரிமை பெற வேண்டும். அவற்றுக்குக் கரியமில வாயு தேவையில்லை, ஆகவே மின்னாற்பகுப்பின் ஹைட்ரஜன் அவற்றுக்கு நேரே பொருந்தும். இந்த வகை உரங்களுக்கான அம்மோனியாவை இந்தியா கப்பலில் இறக்குமதி செய்கிறது. அந்த இறக்குமதியைப் பசுமை அம்மோனியாவால் ஈடுசெய்வதே முதல் இலக்காக இருக்க வேண்டும்.

நங்கலில் வேதிவினை தோற்கவில்லை. அந்த ஆலைக்கென்று உறுதியான மின்சாரம் ஒதுக்கப்படாததால்தான் அது பின்வாங்கியது. இப்போது அமைக்கும் ஆலைகளுக்கு வெயில் மின்சாரத்தையும் காற்று மின்சாரத்தையும் புதிதாக நிறுவித் தராமல், ஊருக்குப் போகும் மின்சாரத்திலிருந்து பங்கு பிரித்தால் அதே பின்வாங்கல் மீண்டும் நேரும். ஒவ்வொரு ஹைட்ரஜன் திட்டமும், தன் எலக்ட்ரான் எந்த மூலத்திலிருந்து வருகிறது, அந்த மூலம் வேறு யாருடைய தேவையிலிருந்து எடுக்கப்பட்டது, மிஞ்சும் பொருள் எங்கே போகிறது என்ற மூன்றையும் அளவுகளோடு மக்கள் முன் வைக்கட்டும். அளவுகளைத் தர முடியாத திட்டத்துக்குப் பொதுப் பணம் தரக்கூடாது.